கொரியா முழங்கையோடு மேற்படிப்புக்கு

விண்ணப்பத்தின் ஏழாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது. உங்கள் வேலையையோ படிப்பையோ பாதிக்கக்கூடிய உடல் கோளாறு ஏதும் உண்டா? கீழே இரண்டு கட்டங்கள்: உண்டு, இல்லை. நான் ‘இல்லை’ என்ற கட்டத்தை அமுக்கினேன். அமுக்கியது சுட்டுவிரல். அந்த நேரத்தில் என் வலது கட்டை விரல், மேசைமேல், ஒத்தடத்துக்கு வைத்த ஒரு பொட்டலம் உறைந்த பட்டாணிக்கு அடியில் படுத்திருந்தது.

பிசியோதெரபியில் முதுகலைப் பட்டத்துக்கு நான் விண்ணப்பம் போட்ட கதையில் இது முதல் பொய் அல்ல. கடைசிப் பொய். அதற்கு முன்னால் ஏழு மாதம் தொடர்ச்சியாகப் பொய் சொல்லிப் பழகியிருந்ததால், கட்டத்தை அமுக்கும்போது விரல் நடுங்கக்கூட இல்லை.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. இருபத்து மூன்று வருடமாக பிசியோ. முதலில் டிப்ளோமா, பிறகு வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் அல்லாடி முடித்த ஒரு பட்டம். வேலை ஜொகூர் பாருவில், தெப்ராவ் பக்கம், ஒரு டயர் கடைக்கும் கோழிச்சோற்றுக் கடைக்கும் நடுவே இருக்கும் சிறிய சிகிச்சை மையத்தில். மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூர் வேலைக்குப் போய் வருகிறவர்களின் கழுத்து, பாசிர் கூடாங் ஆலைகளில் ஷிப்டு முழுவதும் நின்றே வேலை செய்கிறவர்களின் இடுப்பு, செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர்களின் தோள்பட்டை, இவைதான் என் அன்றாடம். குப்புறப் படுத்திருக்கும் மனிதரின் முதுகெலும்பில் ஒவ்வொரு கணுவாக இரண்டு கட்டை விரலையும் வைத்து அழுத்திக்கொண்டே போவேன். எது இறுகிக் கிடக்கிறது, எது நகர்கிறது, எங்கே தொட்டால் ஆள் மூச்சைப் பிடிக்கிறார் என்பதெல்லாம் கட்டை விரல்தான் எனக்குச் சொல்லும். சுருக்கமாகச் சொன்னால், எங்கள் வீட்டில் சம்பாதிக்கிற விரல்கள் இரண்டு. அதில் ஒன்று வேலைநிறுத்தம் செய்துவிட்டது.

முதலில் தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகும்போது, விரல் மணிக்கட்டோடு சேரும் அடிமூட்டில் சுருக்கென்றது. வேறு யாராவது இந்த வலியோடு வந்திருந்தால் மூன்று நிமிடத்தில் நோயின் பெயரைச் சொல்லி, ஓய்வு கொடுங்கள், பட்டை கட்டுங்கள், அலட்சியம் செய்யாதீர்கள் என்று உபதேசம் செய்து அனுப்பியிருப்பேன். எங்கள் தொழிலில் இது புதிதும் இல்லை; வருடக்கணக்கில் அழுத்துகிற விரல் தேயத்தான் செய்யும். ஆனால் எனக்கு வந்ததும், தலையணை சரியில்லை என்று முடிவு கட்டினேன். புதுத் தலையணையே வாங்கிவிட்டேன். கட்டை விரலுக்கும் தலையணைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். பதறிப்போன மூளைக்கு உடற்கூறு தெரியாது.

ஒரு நாள், சாஆ என்ற ஊரிலிருந்து மகள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்த ஒரு பெரியவர் என் கட்டிலில் படுத்திருந்தார். முப்பது வருடம் செம்பனை லாரி ஓட்டியவர். முதுகு சாலைபோலவே இருந்தது, மேடு பள்ளங்களோடு. நடுமுதுகில் அழுத்தும்போது என் விரல் உள்பக்கமாக மடங்கி விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையை எடுத்துவிட்டேன்.

“என்னா தம்பி, கைய எடுத்துட்டீங்க? அங்கதான் புடிச்சிருக்கு.”

“இப்பதான் ஐயா ஆரம்பிக்கப் போறேன்,” என்று சொல்லிவிட்டு, வேறு வழியில்லாமல் முழங்கையை வைத்து அழுத்தினேன்.

“இது என்னா தம்பி, கட்டையா?”

“முழங்கை ஐயா. புது முறை.”

“எந்த ஊரு முறை?”

வாயில் வந்ததைச் சொன்னேன். “கொரியா.”

“வடக்கா, தெக்கா?”

“தெக்கு ஐயா. வடக்குன்னா எந்திரிச்சிப் போக விடமாட்டாங்க.”

அவர் சிரித்ததில் முதுகு தளர்ந்தது. தளர்ந்ததும் வலி கொஞ்சம் விட்டது. எழுந்து உட்கார்ந்து தோளைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, “அலமாக், கொரியாக்காரன் கெட்டிக்காரன்தான் லா,” என்றார். அன்றைக்கே மகளிடம் சொல்லியிருக்கிறார். மகள் தன் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார். அடுத்த வாரம் முகப்பு மேசைக்கு வந்த ஒரு பெண், “கொரியா அண்ணன் இருக்காரா?” என்று கேட்டார்.

எங்கள் மையத்தின் உரிமையாளர் என்னைவிடப் பத்து வயது இளையவர். அவரும் பிசியோதான். காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாக ஜொகூரில் வியாபாரம் செய்யும் குடும்பம். வட்டிக்கடை வேண்டாம், துணிக்கடையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாக இந்த மையத்தை எழுப்பியவர். நான் அவரை மேடம் என்பேன். அவர் என்னை அண்ணே என்பார்.

“அண்ணே, கோர்ஸ் ஏதும் போனீங்களா? எங்கிட்ட சொல்லவே இல்ல?”

அந்த நிமிடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. முந்தைய வருடம் எங்களோடு வேலை பார்த்த ஓர் அம்மாவுக்கு மணிக்கட்டு போய்விட்டது. அவரை முகப்பு மேசையில் உட்கார வைத்தார்கள். அத்தனை வருடம் மனிதர்களைத் தொட்டுக் குணமாக்கிய அந்த அம்மா, “கார்டு கொண்டாந்தீங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்ததை நான் தினமும் பார்த்தேன். மூன்று மாதத்தில் நின்றுவிட்டார். அவருக்குப் பிரிவு விருந்து வைத்தோம். விருந்தில் நான்தான் எல்லாரையும் சிரிக்க வைத்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் தெப்ராவ் நெடுஞ்சாலையில் ஜாம். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் மேடத்திடம், “கோர்ஸ்லாம் இல்ல மேடம். கொஞ்சம் வீடியோ பாத்து, கொஞ்சம் சொந்தமா...” என்று இழுத்தேன்.

“சொந்தமாவா!” என்று கண்ணை விரித்தார். அந்த மாதமே மையத்தின் கண்ணாடிக் கதவில் ஒரு போஸ்டர் ஏறியது. நான் கையை மடக்கி முழங்கையை முன்னே நீட்டிக்கொண்டு நிற்கிறேன். மல்யுத்தத்துக்குச் சவால் விடுகிற மாமாவைப்போல. கோழிச்சோற்றுக் கடைக்காரர் தினமும் அதைப் பார்த்துவிட்டு எனக்கு முழங்கையால் வணக்கம் வைக்க ஆரம்பித்தார்.

இவ்வளவும் வேடிக்கைதான், ஒரு விஷயம் நடக்கும்வரை. பாசிர் கூடாங்கில் மின்னணு ஆலையில் வேலை செய்யும் ஒரு பெண், இடுப்பு வலிக்காக வந்துகொண்டிருந்தார். மூன்றாவது முறை வந்தபோது, கீழ்முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு நீலமாகக் கன்றிப்போயிருந்ததைப் பார்த்தேன். என் முழங்கை. விரலுக்குத் தெரிகிற எதுவும் முழங்கைக்குத் தெரியாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்று நமக்கே புரியாது.

“இது வலிக்கலையா? ஏன் அன்னிக்கே சொல்லல?”

“வலிச்சிச்சி சார். கொரியான்னா இப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சேன்,” என்றார். பிறகு, “தேங்ஸ் சார்,” என்றும் சொன்னார்.

அந்த நன்றி என்னைப் பிடித்துக்கொண்டது. மற்ற எதையும் சிரித்து ஒதுக்க எனக்குத் தெரியும். அதை மட்டும் ஒதுக்க முடியவில்லை. அன்றைக்கு மீதி இருந்தவர்களுக்குச் சூட்டு ஒத்தடமும் உடற்பயிற்சியும் கொடுத்தே சமாளித்தேன்.

அதே வாரம் என் மனைவியும் கண்டுபிடித்தாள். சமையலறையில் கேஸ் தோங்கை, அந்தச் சிலிண்டரை, மாற்றிக்கொண்டிருந்தேன். மேலே இருக்கும் குமிழைத் திருக விரலுக்கு வலு இல்லை. இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே பிடித்து, கரடி தேன்கூட்டைத் திறப்பதுபோலத் திருகிக்கொண்டிருந்தேன்.

“அத ஏங்க அப்பிடித் தொறக்கறீங்க?”

“கொரியா முறை.”

“இங்க காட்டுங்க கைய.”

அவள் பாசிர் கூடாங்கில் ஓர் ஆலையில் தரம் பார்க்கிறவள். பதினெட்டு வருடமாக, பழுதான சாமானைத் தொட்டுக் கண்டுபிடித்துச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற கை அது. நேராக அடிமூட்டில் வைத்து அமுக்கினாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

“எத்தன மாசமா?”

“ரெண்டு.”

என்னையே பார்த்தாள்.

“ஏழு.”

“ஏழு மாசம்! டாக்டருகிட்ட போனீங்களா?”

“நானே பிசியோ.”

“அதான் கேக்கறேன். டாக்டருகிட்ட போனீங்களா?”

அன்றைக்கு மாலை முழுக்க அவள் திட்டினாள். திட்டி முடித்து, மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, உட்கார்ந்து நிதானமாகப் பேசினாள். கையை வைத்து இனி எத்தனை வருடம் ஓட்டுவீர்கள், பாடம் நடத்தப் போகலாமே, வாய்தான் நன்றாக இருக்கிறதே என்றாள். பாடம் நடத்துவதற்கு முதுகலைப் பட்டம் வேண்டும். வேலையிலிருந்துகொண்டே, வாரக்கடைசியில் போய்ப் படிக்கிற மாதிரி ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் இருந்தது. அனுபவமுள்ளவர்களையும் எடுப்பார்கள். இடம் கிடைத்தால் நான் இந்தத் தொழிலிலேயே இருப்பேன். கிடைக்காவிட்டால் முகப்பு மேசை. அல்லது இன்னும் நிறைய முதுகுகளில் நீலக் கன்றல். இவ்வளவுதான் கணக்கு.

விண்ணப்பத்தில் ஐந்நூறு வார்த்தைக்குள் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள்: ஏன் படிக்க விரும்புகிறீர்கள்? இரண்டு வாரம் எழுதினேன். சமுதாய முன்னேற்றம், அறிவுத் தாகம், மனித குலத்தின் அசைவுத் திறன் என்றெல்லாம் ஆங்கிலத்தில் ஓடியது. மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

“யாரு இவரு?”

“நான்தான்.”

“எனக்குத் தெரிஞ்சவரா?” என்று கேட்டுவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். “விரலப் பத்தி எழுதவே இல்லையே. அந்தப் பாரத்துல உடம்பப் பத்தி கேட்டா, இருக்குன்னு போடுங்க. சரியா?”

சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஷிப்டுக்கு அவள் போன பிறகு, பட்டாணிப் பொட்டலத்தோடு உட்கார்ந்து ஏழாம் பக்கத்தைத் திறந்தேன். மற்றது உங்களுக்குத் தெரியும்.

பரிந்துரைக் கடிதம் ஒன்று வேலை செய்யும் இடத்திலிருந்து வேண்டும். மேடத்திடம் கேட்டேன். ஏன் படிக்கப் போகிறேன் என்று அவர் துருவவில்லை. “சூப்பர்ண்ணே! நான் பிரமாதமா எழுதிப்புடறேன்,” என்றார். கடிதத்தை எனக்குக் காட்டாமல் நேராகப் பல்கலைக்கழகத்துக்கே அனுப்ப வேண்டும் என்பது விதி. அனுப்பிவிட்டார். என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. அதைப்பற்றி நான் யோசிக்கவும் இல்லை. தன் குழியைத் தானே வெட்டுகிறவன் மண்வெட்டியைப் பார்ப்பானே தவிர ஆழத்தைப் பார்க்கமாட்டான்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. பத்து மணிக்குப் போனால் போதும். நான் எட்டரைக்கே வளாகத்தில் இருந்தேன். தீபாவளிக்கு எடுத்த சட்டை, ஒரு கோப்பு, அதற்குள் சான்றிதழ்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல், நகல்களுக்கு ஒரு பட்டியல், பட்டியலுக்கும் ஒரு நகல். கழிப்பறைக்கு நாலு தடவை போனேன். மூன்றாவது தடவை அங்கிருந்த துப்புரவுப் பணியாளர் என்னைப் பார்த்துப் பரிதாபமாக, சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லையா என்று மலாயில் விசாரித்தார்.

வெளியே நாற்காலிகளில் காத்திருந்தவர்களெல்லாம் இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பிள்ளைகள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் மரியாதையாகக் கேட்டான்:

“அங்கிள், பிள்ளைக்காக வந்திருக்கீங்களா?”

“ஆமாப்பா.”

“உள்ள இருக்காங்களா?”

“இன்னும் போகல. ரொம்ப பயந்தாங்கொள்ளி. காலையிலேருந்து டாய்லெட்டுக்கும் இங்கயுமா அலையிறான்.”

“பயப்பட வேணாம்னு சொல்லுங்க அங்கிள். சும்மா பேசத்தான் கூப்பிடறாங்க.”

“சொல்றேன்ப்பா. கேக்கமாட்டேங்கறான்.”

அடுத்த நிமிடம் கதவு திறந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். அந்தப் பையனின் முகத்தைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உள்ளே இரண்டு பேர். ஒருவர் தலைமைப் பேராசிரியர், மலாய்க்கார அம்மா, ஐம்பது தாண்டியவர். மற்றவர் நம்மவர், முப்பத்தைந்து வயது இருக்கும் விரிவுரையாளர். ஒரு பக்கம் சிகிச்சைக் கட்டில். அதன் ஓரத்தில் இளங்கலை மாணவர் ஒருவர் மாதிரி நோயாளியாக உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் என் வயிறு ஐந்தாவது தடவைக்கு மனு கொடுத்தது.

பேச்சு நன்றாகத்தான் போயிற்று. பேராசிரியர் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினார். அனுபவம் கேட்டார், சொன்னேன். இந்த வயதில் ஏன் என்றார். மனித குலத்தின் அசைவுத் திறனை எடுத்து விட்டேன். தலையாட்டினார். பிறகு ஒரு தாளைக் கையில் எடுத்தார்.

“உங்கள் முதலாளி எழுதியிருக்கிறார்: நீங்கள் முழங்கையால் செய்யும் ஒரு சிகிச்சை முறையைச் சொந்தமாக உருவாக்கியிருக்கிறீர்களாம். கொரிய முறையைத் தழுவியதாம். நான் கேள்விப்பட்டதே இல்லை. கொஞ்சம் செய்து காட்டுங்கள்.”

அவர் குரலில் கேலி இல்லை. நிஜமான ஆசை இருந்தது. அதுதான் கொடுமை.

மாணவர் குப்புறப் படுத்தார். நான் முழங்கையை முதுகில் வைத்தேன். பேராசிரியர் எழுந்து வந்து, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“கணுவை எப்படித் தேடுகிறீர்கள்? முழங்கைக்கு எப்படித் தெரிகிறது?”

“பழக்கம்,” என்றேன்.

“சரி. முதலில் வழக்கமான முறையில் கட்டை விரலால் செய்யுங்கள், பிறகு முழங்கையால். வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும்.”

கட்டை விரலை வைத்தேன். அழுத்துவதுபோலப் பாவனை செய்தேன். முகத்தைச் சுளித்து, தோளை உயர்த்தி, மூச்செல்லாம் விட்டேன். படுத்திருந்த மாணவர் தலையைத் தூக்கி, “ஆரம்பிச்சிட்டீங்களா சார்?” என்று கேட்டார்.

விரிவுரையாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தமிழில், மெதுவாகச் சொன்னார்: “அண்ணே, கொஞ்சம் நல்லா அழுத்துங்க.”

நல்லா அழுத்தினேன். விரல் மடங்கியது. வாயிலிருந்து வந்த சத்தத்தை எந்தப் பல்கலைக்கழகத்திலும் எடுத்துச் சொல்ல முடியாது. மாணவர் பதறி எழுந்து உட்கார்ந்துவிட்டார். அந்த இடத்தில் ஒரு நகைச்சுவை தயாராக நாக்கு நுனிவரை வந்தது. சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அந்த மாணவரின் முதுகைப் பார்த்தபோது, இன்னொரு முதுகில் பார்த்த நீலம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

“கொரியாவும் இல்லை, முறையும் இல்லை,” என்றேன். “விரல் போய்விட்டது. ஏழு மாதமாக, இப்போது பத்து மாதமாக, மறைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பெண்ணுக்கு முதுகு கன்றிப்போகும்படி அழுத்திவிட்டேன். அவர் எனக்கு நன்றி சொன்னார்.”

பேராசிரியர் என் கையை வாங்கி, நாங்கள் நோயாளிகளுக்குச் செய்வதுபோலவே, மூட்டைத் திருப்பி, லேசாக அழுத்திப் பார்த்தார். பிறகு மேசைக்குப் போய் என் விண்ணப்பத்தின் ஏழாம் பக்கத்தைத் திறந்தார்.

“இங்கே இல்லை என்று போட்டிருக்கிறீர்கள்.”

“ஆமாம்.”

“விரல் போனால் இடம் கொடுக்கமாட்டோம் என்று எங்கே எழுதியிருக்கிறது?”

எங்கும் எழுதியிருக்கவில்லை. அதை எழுதியது நான்தான், என் மண்டைக்குள்.

“பொய்யான விண்ணப்பத்தை நான் ஏற்க முடியாது,” என்றார். “அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். கை மருத்துவரிடம் போய் அறிக்கை வாங்குங்கள். விண்ணப்பத்தைத் திருத்துங்கள். உங்கள் முதலாளியிடமிருந்து உண்மையான கடிதம் ஒன்று வேண்டும். மூன்றும் வந்தால் பார்க்கிறேன். வராவிட்டால் இந்த வருடம் உங்கள் பெயர் இல்லை.”

வெளியே நடந்தபோது விரிவுரையாளர் கதவுவரை வந்தார். “மூணாவதுதான் கஷ்டம், இல்லண்ணே?” என்றார். தலையாட்டினேன்.

மருத்துவரிடம் போவது சுலபமாக இருந்தது. படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஏன் இத்தனை மாதம் கழித்து வந்தீர்கள், நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்றார். கணக்கர் என்று சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிசியோ என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். அறிக்கையோடு, விரலையும் மணிக்கட்டையும் சேர்த்துப் பிடிக்கிற கடினமான பட்டை ஒன்றும் கொடுத்தார்.

அந்தப் பட்டையைப் பையில் ஒளித்துக்கொண்டு இரண்டு நாள் மையத்துக்குப் போய் வந்தேன். புதன்கிழமை காலை, மனைவி என் பையிலிருந்து அதை எடுத்து என் கையில் மாட்டி இறுக்கி, “இன்னிக்கி இதக் கழட்டினீங்கன்னா நானே போன் போட்டு ஒங்க மேடத்துகிட்ட சொல்லுவேன்,” என்றாள். கழட்டவில்லை.

மேடம் அறைக்குள் போனதும் அவர் என் கையைப் பார்த்தார். “விழுந்துட்டீங்களாண்ணே?”

“இல்ல மேடம். இது பழசு.”

எல்லாவற்றையும் சொன்னேன். லாரி ஐயா, கொரியா, வீடியோ பார்த்தேன் என்றது, கன்றல், நேர்காணல். இடையில் ஒரே ஒரு இடத்தில் சிரிக்கவைக்கப் பார்த்தேன், அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நேராகவே சொல்லி முடித்தேன்.

“போஸ்டர் அடிக்கறப்பயாச்சும் சொல்லியிருக்கலாமேண்ணே,” என்றார். “நான் கையெழுத்துப் போட்டு லெட்டர் அனுப்பியிருக்கேன். சொந்தமா கண்டுபிடிச்சாருன்னு. ஏன் எங்கிட்ட சொல்லல?”

“அந்த அம்மாவ மாதிரி என்னையும் முன்னாடி உக்கார வெச்சிருவீங்கன்னு.”

“அவங்கள நான் போகச் சொல்லல,” என்றார் மேடம். “வேற என்ன குடுக்கறதுன்னு எனக்குத் தெரியல. அவங்களும் கேக்கல. நானும் கேக்கல.”

எழுந்து கண்ணாடிக் கதவுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். போஸ்டரின் ஓரத்தைப் பிய்க்கப் போனேன். பட்டை போட்ட கையால் பசைநாடாவைக்கூடச் சுரண்ட முடியவில்லை. “தள்ளுங்க,” என்று சொல்லிவிட்டு அவரே நகத்தால் சுரண்டி எடுத்தார். வேகமாக, கோபமாக, நாலு மூலையும். சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு, “முழங்கை வெச்ச எல்லாரோட பேரும் எனக்கு வேணும். இன்னிக்கே,” என்றார்.

பட்டியலில் பதினாறு பேர். மேடம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நான்தான் ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். லாரி ஐயா முழுவதையும் கேட்டுவிட்டு, “அப்ப அந்தக் கொரியாக்காரனுக்கு இது எதுவுமே தெரியாதா?” என்றார். பிறகு, “என் முதுகு சரியாப் போச்சே தம்பி, அது எப்பிடி?” என்று கேட்டார். தெரியவில்லை ஐயா என்றேன். ஒருவர் இனி எங்கள் மையத்துக்கே வரமாட்டேன் என்று போனை வைத்துவிட்டார். இன்னொருவர் மலாயில் திட்டினார். எல்லாம் நியாயம்தான்.

ஆலைப் பெண்ணுக்குக் கடைசியாகப் போட்டேன். ஆலைப் பேருந்தில் இருந்தார். பின்னால் எஞ்சின் சத்தம்.

“அப்ப என் இடுப்புக்கு ஒன்னும் ஆகலையே சார்?”

“நாளைக்கு வாங்க. மேடமே பாப்பாங்க.”

“நீங்க பாக்கமாட்டீங்களா?”

“நான் பக்கத்துல நிக்கிறேன்.”

மேடம் அடுத்த நாள் அவர் முதுகை முழுதாகப் பரிசோதித்தார். கன்றல் ஆறியிருந்தது, வேறு பாதிப்பு இல்லை. அன்று சாயங்காலம், எனக்குக் காட்டிவிட்டே, புதுக் கடிதத்தை அனுப்பினார். அதில், விரல் தேய்ந்ததை இவர் என்னிடம் மறைத்தார், மறைக்கும்படியான இடமாக என் மையம் இருந்தது, இரண்டும் உண்மை என்று எழுதியிருந்தார். இவர் நல்ல பிசியோ, இவரை நான் இழக்க விரும்பவில்லை என்றும் இருந்தது. அதைப் படிக்கும்போது எனக்குத் தும்மல் வந்தது. கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. தும்மல்தான்.

வியாழக்கிழமை ஏழாம் பக்கத்தில் ‘உண்டு’ என்று மாற்றி, கட்டுரையையும் திருத்தினேன். பட்டை போட்ட கையால் தட்டச்ச முடியாததால் நான் சொல்லச் சொல்ல மனைவி தட்டினாள். நகைச்சுவை வந்த இடத்திலெல்லாம் கையை நிறுத்திக்கொண்டாள். “இது வேணாம். அடுத்தது.” ஐந்நூறு வார்த்தையில் இருநூற்றுச் சொச்சம்தான் தேறியது. அதையே அனுப்பினோம்.

ஆறு வாரம் எந்தச் செய்தியும் இல்லை. அந்த ஆறு வாரத்தில் நான் மின்னஞ்சலைத் திறந்த வேகத்தில் நல்ல விரலும் போயிருக்க வேண்டும். மையத்தில் மேடம் எனக்குக் காலையில் பக்கவாதக்காரர்களின் குழுப் பயிற்சியைக் கொடுத்தார். கையைவிட வாய்க்கு வேலை. கைப்பட வேண்டியவர்களை மற்றவர்கள் பார்த்தார்கள். சிலர் என்னைக் கேட்டு வந்து, நான் தொடமாட்டேன் என்று தெரிந்ததும் திரும்பிப் போனார்கள். அது வலிக்காமல் இல்லை.

பதில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. நான் பக்கவாதக்காரர்களைக் கை தூக்க வைத்துக்கொண்டிருந்தேன். திறக்கப் பயந்து, போனை மேடத்திடம் கொடுத்தேன். அவர் படித்தார். “கெடச்சிருச்சிண்ணே!” என்றார். கை தூக்கியிருந்த எட்டுப் பேரில் ஒருவர்கூட, பாவம், நான் சொல்லாமல் கையை இறக்கவில்லை.

முதல் வகுப்பு ஒரு சனிக்கிழமை. பதினொரு பேர், எல்லாரும் வேலையில் இருக்கிற பிசியோக்கள். மூத்தவன் நான், இரண்டாவது மூத்தவருக்கு முப்பத்து மூன்று. பேராசிரியர் வந்ததும் பாடத்தை ஆரம்பிக்கவில்லை. இங்கே யாருக்காவது, வேலை செய்யும்போது கையில் வலி உண்டா என்று சாதாரணமாகக் கேட்டார்.

ஒருவரும் அசையவில்லை. நான் பட்டை போட்ட கையைத் தூக்கினேன். தூக்கியபடியே வைத்திருந்தேன், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பேராசிரியர் காத்திருந்தார்.

கடைசி வரிசையில், காலையிலிருந்து யாரோடும் ஒரு வார்த்தை பேசியிராத ஒரு சீனப் பெண், தானும் கையை மேசையிலிருந்து தூக்கினார். தோள் உயரத்துக்கு மட்டும்.